வாயில் மிஞ்சிய பெயர்

அந்த ஜன்னல் கண்ணாடி நகராது யம்மா, விடு. திருநெல்வேலில ஏறினதுல இருந்து நானும் இழுத்துப் பாத்துட்டேன். காத்து மூஞ்சில அடிச்சா நீ இந்தப் பக்கம் வா, நான் அங்கன உக்காருதேன். வேண்டாமா? சரி, ஒன் இஷ்டம்.

கோவில்பட்டிக்குத்தான? நானும் அங்கதான். நீ அந்த ஊர்தானா? அப்போ ஒண்ணு கேக்கேன். மாரீஸ்வரின்னு ஒரு பொம்பள, தீப்பெட்டி ஆபீஸ்ல வேல பாக்கா. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடுன்னு சொன்னாங்க. ஒனக்குத் தெரியுமா? தெரியாது. எப்படித் தெரியும், ஊரு பூரா தீப்பெட்டி ஆபீஸ், அதுல எத்தன மாரீஸ்வரியோ.

சொந்தமான்னா கேக்க? சொந்தம் இல்ல. இல்லன்னும் ஒரேயடியாச் சொல்ல முடியாது. என் புருஷன் அவகூடத்தான் இருந்தாவ.

அய்ய, நீ என்னத்துக்கு இப்படி முழிக்க? சண்டைக்குப் போகல யம்மா. சண்டைக்குப் போறவ ஞாயித்துக்கிழம கோயிலுக்குப் போகாம, வெள்ளச் சேல கட்டிட்டு, பஸ்ல ஏறி இம்புட்டுத் தூரம் வருவாளா? ஒரு தகவல் சொல்லணும். சொல்லிட்டு அடுத்த பஸ்ஸப் பிடிச்சுத் திரும்பிருவேன். அவ்வளவுதான்.

எனக்குத் திசையன்விளை பக்கம். பேரு மேபல். வீட்டுல தையல் மிஷின் வச்சிருக்கேன், ஜாக்கெட்டு, பாவாட, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு யூனிபாரம் எல்லாம் தைப்பேன். பிள்ள குட்டி கெடையாது. என் புருஷன் பேரு தவசிங். மில்லுல பிட்டர் வேல. கோவில்பட்டி மில்லுல எடம் கெடச்சுப் போனாவ. மொதல்ல வாராவாரம் வந்தாவ. பொறவு மாசத்துக்கு ஒருக்க. பொறவு கிறிஸ்மசுக்கு. பொறவு கிறிஸ்மசுக்கும் வரல.

சண்ட போட்டுப் போயிருந்தாலும் ஒரு காரணம் இருக்கும். ஒரு சத்தம் கெடையாது எங்களுக்குள்ள. நான் ஒண்ணு கேட்டா அவிய ஒண்ணு சொல்லுவாவ, அதோட முடிஞ்சிரும். நல்ல மனுஷன். குடி கெடையாது. சாப்பாட்டுல உப்பு இல்லன்னாலும் சாப்பிட்டுட்டு எந்திரிச்சுப் போவாவ. அப்படிப்பட்ட மனுஷனப் போயி ஒருத்தி மயக்கிட்டாளேன்னுதான் எங்க ஊரே சொல்லிச்சு. நானும் அப்படித்தான் சொன்னேன்.

எங்க கோயில்ல வெள்ளிக்கிழம உபவாச ஜெபம் உண்டு. பொம்பளைங்க எல்லாம் பட்டினியா உக்காந்து ஜெபிப்போம். அதுல என் காரியத்த வச்சாங்க. "தவசிங் அண்ணன் மனந்திரும்பி மேபல் அக்காகிட்ட வரணும்." மொத வெள்ளிக்கிழம அழுதாங்க பாரு, எனக்கே பாவமாப் போச்சு அவங்களப் பாத்து. என் தோள்ல கை வச்சு, என்னையக் கெட்டிப் பிடிச்சு, அப்படி ஒரு அழுக. பொறவு வருஷம் போகப் போக, பள்ளிக்கூடத்துல ஆஜர் கூப்பிடுத மாதிரி ஆயிட்டு. மழைக்காக, டேனியல் மகன் வேலைக்காக, தவசிங் அண்ணன் திரும்பி வரதுக்காக, புதுக் கூரைக்காக. ஒரு வெள்ளிக்கிழம மறந்தே போனாங்க. கூரைக்கு ஜெபிச்சாங்க, எனக்கு இல்ல. வீட்டுக்கு வந்து தைக்க உக்காந்தா ஊசில நூல் கோக்க முடியல.

ஆனா நான் விடல யம்மா. காலைல எந்திரிச்சதும், முகம் கழுவுததுக்கு முன்னால, முழங்கால்ல நிப்பேன். "ஆண்டவரே, அவியளக் கொண்டு வாரும்." ஒரே சொல்லு. வேற எதுவும் கேக்கல. நக கேக்கல, வீடு கேக்கல, பிள்ள கேக்குத வயசும் போயிட்டு. கொண்டு வாரும். அதுதான்.

கொண்டு வந்தாரு.

நீ சிரிக்காத. நெசமாக் கொண்டு வந்தாரு. ஒரு நாளு மத்தியானம், நான் பிள்ளைகளுக்கு யூனிபாரம் வெட்டிக்கிட்டு இருக்கேன். வாசல்ல வேன் வந்து நிக்கி. டிரைவரும் ஒரு பொம்பளையுமா பின் கதவத் தெறந்து ஒரு ஆளத் தூக்குதாங்க. வலது கை தொங்குது. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுக் கெடக்கு. தல நரைச்சுப் போயி, யாரோ பெரியவருன்னு நெனச்சேன். பொறவு அந்தக் கண்ணப் பாத்தேன்.

எந்தக் கோலத்துலன்னு நான் ஜெபத்துல சொல்லல பாரு. கொண்டு வாரும்னு மட்டும்தான் கேட்டேன்.

தூக்கிட்டு வந்த அந்தப் பொம்பளதான் அவ. மாரீஸ்வரி. நான் என்னமோ பெரிய அழகியா இருப்பா, பூவும் பொட்டுமா மினுக்கிக்கிட்டு இருப்பான்னு நெனச்சிருந்தேன். கறுத்து, ஒல்லியா, வெரல் நுனியெல்லாம் தீக்குச்சி மருந்துக் கறை. என்னைய விட ரெண்டு மூணு வயசு மூத்தவளாக்கூட இருப்பா. "அக்கா"ன்னு கூப்பிட்டா என்னைய. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

"அக்கா, நான் வச்சுப் பாத்துக்கிடுவேன். எனக்கு அது பாரமில்ல. ஆனா இவரு நல்லா இருக்கும்போதே சொல்லிக்கிட்டே இருப்பாரு, செத்தா எங்க கோயில் தோட்டத்துலதான் அடக்கம் பண்ணணும், எங்க அப்பா அம்மா பக்கத்துலன்னு. எங்க ஊர்ல செத்தா இவருக்கு இங்க அந்த எடம் யாரு குடுப்பா? நான் யாருன்னு போயிக் கேப்பேன்? அதுக்குத்தான்..."

அதுக்கு மேல சொல்ல விடல நான். "கொண்டு வந்து விட்டுட்டல்லா, போ"ன்னேன். பாத்துக்கிட முடியாமக் கொண்டு வந்து தள்ளிட்டு, கத சொல்லுதா பாருன்னு நெனச்சேன். நல்லா இருந்தப்போ வேணும், விழுந்ததும் வேண்டாம். ஒலகம் அப்படித்தான யம்மா? அவ தண்ணி கேட்டா. டிரைவருக்குத்தான் கேட்டாளோ, அவளுக்குத்தான் கேட்டாளோ. நான் வாசக் கதவச் சாத்திட்டேன். நான் ஏன் குடுக்கணும்? நீயே சொல்லு, நான் ஏன் குடுக்கணும்?

சரி விடு. அந்த ஞாயித்துக்கிழம எங்க ஐயரு, பாதிரியாரத்தான் நாங்க ஐயருன்னு சொல்லுவோம், பிரசங்கத்துலயே சொல்லிட்டாவ. "ஆண்டவர் ஜெபத்தைக் கேட்கிறார் என்பதற்கு நம்ம மேபல் சகோதரியே சாட்சி." எல்லாரும் கை தட்டினாங்க. என்னைய எழும்பி நின்னு ரெண்டு வார்த்த சொல்லச் சொன்னாவ. நான் எழும்பி "ஸ்தோத்திரம்"னேன். அதுக்கு மேல வரல. சந்தோஷத்துல பேச்சு வரலன்னு நெனச்சு இன்னும் பலமாத் தட்டினாங்க.

வீட்டுல அவியளுக்குக் கஞ்சி ஊட்டணும், குளிப்பாட்டணும், பெரட்டிப் போடணும். அதெல்லாம் செஞ்சேன். அது எனக்குக் கஷ்டமா இல்ல. கஷ்டம் என்னன்னா, அவியளுக்குப் பேச்சு போயிட்டு. ஒரே ஒரு சொல்லு மட்டும் மிஞ்சிட்டு. அது என்ன சொல்லுன்னு நெனைக்க?

"மாரி."

தண்ணி வேணும்னாலும் மாரி. ஒண்ணுக்கு வருதுன்னாலும் மாரி. கொசு கடிச்சா மாரி. நான் முன்னால நின்னு, "நான் மேபல்"னு சொன்னா, என்னையப் பாத்து, கண்ணு கலங்கி, "மாரி... மாரி..."ன்னு.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி டாக்டர்கிட்டக் கேட்டேன். சின்னப் பொண்ணு அந்த டாக்டர். பொறுமையாச் சொல்லிச்சு. "அம்மா, பக்கவாதத்துல மூளையில பேச்சுக்கான எடம் பாதிச்சிருக்கு. சில பேருக்கு இப்படி ஒரு சொல்லு மட்டும் நின்னுரும். அவர் வேற என்ன நெனச்சாலும் வாய்க்கு அதுதான் வரும். அதுக்கு அர்த்தம் தேடாதீங்க." நல்ல பிள்ள. ஆனா அர்த்தம் தேடாதீங்கன்னா எப்படி யம்மா? ஒரு மனுஷன் வாழ்நாள் பூரா பேசின பேச்செல்லாம் கொட்டிப் போயி ஒண்ணே ஒண்ணு ஒட்டிக்கிட்டு நின்னா, அது எது நிக்கும்? நீயே சொல்லு.

அதோட விட்டுச்சா? வீட்டு ஜெபத்துக்கு வருவாங்கல்லா எங்க ஆளுங்க. ஐயரு ஜெபம் பண்ணி முடிச்சு எல்லாரும் ஆமென்னு சொன்னா, கட்டில்ல இருந்து இவிய "மாரி"ம்பாவ. பொம்பளைங்க ஒருத்தர ஒருத்தர் பாப்பாங்க. எங்க உபதேசியாரு, ஐயருக்கு ஒத்தாசையா இருக்கவரு, வயசானவரு, நல்ல மனசு, அவரு சொன்னாரு: "ஆண்டவரோட தாயாரு மரியாளத்தான் சொல்லுதாரு, நாக்கு பெறளல." அப்படி ஒரு மூடி போட்டாரு. எல்லாரும் சரி சரின்னாங்க. எனக்கு அவரு காலைத் தொட்டுக் கும்பிடணும் போல இருந்துச்சு.

பொறவு நோயாளிக்கு ஜெபம் பண்ணுத ஒரு ஊழியக்காரரு வெளியூர்ல இருந்து வந்தாரு. பெரிய வரம் உள்ளவருன்னு சொல்லி மைனி கூட்டிட்டு வந்தாவ. மைனின்னா அவியளுக்கு மூத்த அக்கா. அந்த ஊழியக்காரரு கட்டில் பக்கத்துல நின்னு, "என்ன சொல்லுதாரு?"ன்னு கேட்டாரு. "மாரி"ன்னு இவியளே சொன்னாவ. அவ்வளவுதான். மாரியம்மன் ஆவி பிடிச்சிருக்குன்னு முடிவு பண்ணிட்டாரு. எண்ணெய எடுத்து நெத்தியில தேச்சு, தலைய ரெண்டு கையாலயும் அமுக்கி, "போ! வெளியே போ!"ன்னு ஒரே கத்து. இவிய பயந்து போயி, அந்த நல்ல கையால என் சேலையப் பிடிச்சுக்கிட்டு "மாரி மாரி மாரி"ன்னு கத்துதாவ. அவரு கத்த, இவிய கத்த. எனக்கு என்ன வந்துச்சோ தெரியல. அவரு கையத் தட்டி விட்டேன்.

"அது ஆவி இல்ல ஐயா. அது ஒரு பொம்பள. கோவில்பட்டில தீப்பெட்டி ஆபீஸ்ல வேல பாக்கா"ன்னேன்.

மைனிக்கு மானம் போயிட்டு. "நாலு பேரு முன்னால இதச் சொல்லணுமாட்டி?"ன்னு கேட்டாவ. அந்த ஊழியக்காரரு எண்ணெய் பாட்டில மூடிக்கிட்டே, "உங்க அவிசுவாசம்தாம்மா இவரு சுகத்தத் தடுக்குது"ன்னுட்டுப் போனாரு. காப்பி போட்டு வச்சிருந்தேன், குடிக்கல.

அன்னைல இருந்து நான் முழங்கால்ல நிக்கல.

கோவத்துல இல்ல யம்மா. நெசமாவே என்ன கேக்கணும்னு தெரியல. பேச்சக் குடும்னு கேட்டா, பேச்சு வந்ததும் அவளத்தான் கேப்பாவ. சுகமாக்கும்னு கேட்டா, எந்திரிச்சு அங்கதான் போவாவ. எடுத்துக்கிடும்னு கேக்க மனசு வருமா? அதான் ஒண்ணும் கேக்கல. கோயிலுக்குப் போவேன். எல்லாரும் பாடும்போது வாய் அசைப்பேன். ஐயரு ஜெபிக்கும்போது கண்ண மூடிக்கிட்டு, யாரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கணும்னு யோசிப்பேன். எனக்கும் ஆண்டவருக்கும் சண்ட ஒண்ணும் கெடையாது. எங்க வீட்டுல சண்டையே கெடையாதுன்னு சொன்னேன்லா. அது மாதிரித்தான். பேச்சு இல்ல, அவ்வளவுதான்.

இதுல வேடிக்க என்னன்னா, நாள் ஆக ஆக நான் மாரின்னா திரும்பிப் பாக்க ஆரம்பிச்சிட்டேன். அடுப்படில நின்னா "மாரி"ம்பாவ, "இந்தா வாறேன்"ம்பேன். அதுல எனக்கு வித்தியாசமும் தெரிஞ்சுபோச்சு. தண்ணின்னா வெட்டுன மாதிரி வரும். வலின்னா இழுவையா வரும். சும்மா இருக்கேனா பக்கத்துலன்னு பாக்கதுக்கு ஒண்ணு உண்டு, அது மெதுவா, கேள்வி மாதிரி வரும். "மாரி?" அதுக்கு "இருக்கேன்"னு சொன்னாப் போதும். கண்ண மூடிக்கிடுவாவ. நல்லா இருந்த காலத்துல ஒரு நாளு என்னைய அப்படிக் கூப்பிட்டதில்ல யம்மா. மேபல்னுகூடக் கூப்பிட மாட்டாவ. "இந்தா"ன்னுதான். நான் மிஷின நிறுத்திட்டு மணிக்கணக்கா அவிய பக்கத்துல உக்காந்து பேசினேன். யாரு வீட்டுக் கல்யாணம், எவ சேல எடுத்தா, மழ பேஞ்சுதா, எல்லாம் சொல்லுவேன். ஒவ்வொண்ணுக்கும் மாரி மாரின்னு பதில் சொல்லுவாவ. சில சமயம் சிரிச்சுக்கூடச் சொல்லுவாவ. அவிய சிரிச்சா முன்பல்லு ரெண்டும் கொஞ்சம் ஏறி நிக்கும். அது எனக்கு மறந்தே போயிருந்துச்சு.

ஒருக்க சொல்லிக் குடுத்துப் பாத்தேன். பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி. "மே. மே-பல். சொல்லுங்க." என் வாயையே பாத்தாவ. உதட்டக் கூட்டி, நெத்தியெல்லாம் வேர்த்து, மேன்னு வந்துரும் போல இருந்துச்சு. வந்தது "மாரி". அவியளுக்கே அது தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. தலைய ஆட்டி ஆட்டி அழுதாவ. நான் சொன்னேன், "போகட்டும், விடுங்க. பேருல என்ன இருக்கு. வாறது நான்தான?" அதுக்குப் பொறவு அந்தச் சோலிக்கே போகல.

போன ஐப்பசில போயிட்டாவ. தூக்கத்துல. நல்ல சாவு. கோயில் தோட்டத்துல, அவிய அப்பா அம்மா பக்கத்துலயே அடக்கம் ஆச்சு. ஊரு பூரா வந்துச்சு, கொற சொல்லக் கூடாது. ஐயரு நல்லாப் பேசினாவ. எல்லாரும் காப்பி குடிச்சிட்டு, எனக்குத் தைரியம் சொல்லிட்டுப் போனாங்க. அவளுக்குத் தகவல் சொல்லவான்னு மைனிகிட்டக் கேட்டேன். "அந்தச் சிறுக்கி வந்து பொணத்து முன்னால நின்னு அழுதா நம்ம குடும்பத்து மானம் என்ன ஆகுது? வாயத் தெறக்காத"ன்னாவ. தெறக்கல.

வெள்ளிக்கிழம உபவாச ஜெபத்துல இப்போ என் பேரு இல்ல. என்னத்துக்கு இருக்கணும்? எல்லாம் முடிஞ்சுபோச்சுல்லா. டேனியல் மகனுக்கு வேல கெடச்சிட்டு, இப்போ அவனுக்குப் பொண்ணு வேணும்னு ஜெபிக்காங்க. வீட்டுக்கும் யாரும் வாறதில்ல. அவங்கவங்களுக்கு ஆயிரம் சோலி. எனக்கு ஒண்ணும் ஒத்தையா இருக்கோம்னு கவல இல்ல யம்மா, பழகின ஆளுதான நான்? என்ன, மிஷின நிறுத்தினா வீடு ஒரு மாதிரி இருக்கு. மத்தியானம் சோத்த வச்சிட்டு உக்காருவேன், கட்டில் பக்கம் காது போகும். அடுத்த தெருவுல ஆடு மேய்க்கிற வீட்டுல ஒரு பிள்ள இருக்கு, முத்துமாரின்னு. அதோட அம்மா ஒரு நாளு "ஏ மாரி"ன்னு கூப்பிட்டா. நான் "இந்தா வாறேன்"னு எந்திரிச்சிட்டேன். எச்சிக் கையோட வாசல் வரைக்கும் போயிட்டேன். அங்க நின்னு... சரி, அது எதுக்கு.

அன்னைக்குத்தான் தோணிச்சு, அவகிட்டச் சொல்லணும்னு. அவ கேட்டதே அந்த எடத்துக்காகத்தான? கெடச்சுதா இல்லையான்னு தெரியாம இருக்கக் கூடாதுல்லா. போன்ல சொல்லுத காரியமா இது? அவ நம்பரும் என்கிட்ட இல்ல. மில்லுல வேல பாத்த ஒரு ஆளப் பிடிச்சு, வீடு எங்கனன்னு விசாரிச்சுட்டு வாறேன். மைனிக்குத் தெரியாது. கோயில்ல கேட்டா காய்ச்சல்னு சொல்லிக்கிடலாம்.

தகவலச் சொல்லிட்டுக் கெளம்பிருவேன். அவளா உக்காருன்னு சொன்னா ஒரு நிமிஷம் உக்காருவேன். சொல்லாட்டா இல்ல. அவ ஏன் சொல்லணும்? ஆனா யம்மா, அவளா பேச்செடுத்தா கேக்கதுக்கு ஒண்ணு ரெண்டு இருக்கு. அங்க இருக்கும்போதும் அவிய பேசாமத்தான் இருந்தாவளா, இல்ல பேசுவாவளா? என்ன சொன்னாச் சிரிப்பாவ? சோத்துல உப்பு இல்லன்னா அவகிட்டயாவது சொன்னாவளா? சும்மா தெரிஞ்சுக்கிடத்தான். எங்க ஊர்ல அவியளப் பத்தி யாருகிட்டப் பேசினாலும் "பாவம், கஷ்டப்பட்டு மரிச்சாரு"ன்னு சொல்லிட்டு வேற பேச்சுக்குப் போயிருதாங்க. அவ அப்படிப் போக மாட்டாள்லா?

இன்னொண்ணும் உண்டு. அங்க இருந்தப்போ என் பேர எப்பயாச்சும் சொன்னாவளான்னு. அத நான் கேக்கப் போறதில்ல. அவளாச் சொன்னா உண்டு.

என்ன, ரயில்வே கேட்டு வந்துட்டா? தண்டவாளம் தெரியுதே. இங்கதான் எறங்கணுமா? இந்தா, கண்டக்டர்கிட்ட ஒரு சத்தம் குடு யம்மா, நான் பைய எடுத்துக்கிடுதேன். தீப்பெட்டி ஆபீஸுக்கு ஞாயித்துக்கிழம லீவுதான? லீவுன்னா வீட்டுலதான் இருக்கணும். கடைக்குக் கிடைக்குப் போயிருப்பாளோ? சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருப்பாளோ? ஒரு ஆளு வீட்டத் தேடிப் போறோம், முன்னாலயே சொல்லிவிட வழியில்ல. இம்புட்டுத் தூரம் வந்துட்டு, பூட்டிக் கெடந்தா நான் எங்கன போயி நிப்பேன்?

ஆண்டவரே, அவ வீட்டுல இருக்கணும்.

என்ன யம்மா பாக்க? சத்தமாவா சொல்லிட்டேன்? ரொம்ப நாளாயிட்டு யம்மா, அவர்கிட்ட ஒண்ணு கேட்டு. நீயும் ஒன் சாமிகிட்ட ஒரு வார்த்த சொல்லி வையி. பெருசா ஒண்ணும் வேண்டாம். அவ வீட்டுல இருக்கணும். அது போதும்.